வைக்கோற்போரும் வாயில்லா உயிரும்

காவிரி நாட்டின் வடகோடியில், கொள்ளிடத்திற்குத் தெற்கே, கடலுக்கு அணித்தாக அமைந்த ஊர் சீர்காழி. திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் என்றும், முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் இசை வளர்த்த ஊர் என்றும் தமிழர் அதனைப் போற்றுவர். ஊரை விட்டு எத்திசையில் நடந்தாலும் வயலே கண்ணிற்படும். வயல் உள்ள இடத்தில் வைக்கோல் உண்டு. வைக்கோல் உள்ள இடத்தில் மாடு உண்டு. நெல் மனிதனுக்கு, தாள் மாட்டுக்கு என்னும் பங்கீடு இந்நாட்டில் மிகப் பழையது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசித் திங்களில் கொல்லைதோறும் எழும் வைக்கோற்போர், அவ்வீட்டு மாடுகளுக்கு அடுத்த அறுவடை வரையில் களஞ்சியமாக நிற்கும்.

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் தொடங்கி மறுநாட் காலைவரை, 24 மணி நேரத்தில், சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயலும் வரப்பும் தெருவும் ஒரே நீர்ப்பரப்பாயின. மூழ்கிய இளம்பயிரைப் பற்றி நாடெங்கும் பேசினர். பேசத்தக்கதே. ஆயின் நனைந்த வைக்கோலைப் பற்றிப் பேசுவார் எப்போதும் குறைவு. பயிரின் அழிவு அன்றே கண்ணுக்குத் தெரியும். வைக்கோலின் கேடோ சில கிழமைகள் சென்ற பின்னர் மாட்டின் வாயிலும் சாணத்திலும் தோலிலுமே தெரியவரும்.

இத்தகைய ஒரு வெள்ளம் வடிந்து ஊர் தெளிந்த பின், நேற்றுவரை நன்றாயிருந்த பசு ஒன்று தீனியைத் தொட மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வாயிலிருந்து எச்சில் நூலாய் ஒழுகுகிறது. அசை போடுவது நின்றுவிட்டது. சாணம் நீராய்க் கழிகிறது. அப்போது ஊரில் எழும் முதற் கேள்வி என்ன? “எவன் எதை வைத்தானோ?” என்பதே. பங்காளியின் மேல் ஐயம். வரப்புத் தகராறில் வாய்ச்சண்டை இட்டவன் மேல் ஐயம். அன்று அவ்வழியே சென்ற வேற்றூரான் மேல் ஐயம். மாடு பேசாது, ஆகையால் மனிதர் மிகுதியாகப் பேசுகின்றனர்.

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் மாடுகள் பெருந்தொகையாக மாண்டபோது, தோலுக்காக நஞ்சிட்டுக் கொன்றனர் என்று தோற்றொழில் செய்யும் ஏழை மக்கள் மீது பழி சுமத்தப்பட்டது. ஆங்கில அரசின் அலுவலர் பலரும் அதனை நம்பினர். பாடாணம் இட்டும், குன்றிமணி விழுதைத் தோலின்கீழ்ச் செலுத்தியும் மாடுகளைக் கொன்ற நிகழ்ச்சிகள் சில உண்மையாகவே இருந்தன. ஆயின் அக்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை அழித்து வந்தது வெக்கை என்னும் கொள்ளைநோய். வெக்கை கண்ட மாட்டின் வாயிற் புண் தோன்றும், கழிச்சல் நிற்காது, சில நாளில் உயிர் போகும். பாடாணம் தின்ற மாட்டின் கோலமும் ஏறத்தாழ இதுவே. நோயையும் நஞ்சையும் பிரித்தறிய வகையில்லாத காலத்தில், வலியற்றவன் எளிதிற் குற்றவாளியானான். மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1871இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தடுப்பூசிகள் பின்னர் வந்தன. இந்தியா 2006இல் வெக்கை நோயற்ற நாடாயிற்று. 2011இல் அந்நோய் உலகத்தினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதன் அடியோடு ஒழித்த நோய் அதுவே. வெக்கை ஒழிந்தும் அதனோடு பிறந்த ஐயம் மட்டும் ஊர்களில் ஒழிந்தபாடில்லை.

“யார் வைத்தது?” என்னும் கேள்வியை ஒதுக்கிவிட்டு, “மாடு என்ன தின்றது?” என்று கேட்போமானால், விடை பெரும்பாலும் அவ்வீட்டுத் தொழுவத்திலேயே கிடைக்கும். அதனை அறிய, முதலில் மாட்டின் வயிற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

மாடு தன் தீனியை நன்றாக மென்று விழுங்குவதில்லை. கிடைத்ததை நாவாற் சுருட்டி விரைந்து உள்ளே தள்ளுகிறது. பிறகு நிழலிற் படுத்து, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து, ஆர அமர அசை போடுகிறது. அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலறையாகிய அசைவயிறே மிகப் பெரியது. பெரிய பசுக்களில் அது நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அங்கே கணக்கிலடங்கா நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உண்மையில் வைக்கோலைச் சிதைக்கும் ஆற்றல் மாட்டுக்கு இல்லை, அந்நுண்ணுயிர்களுக்கே உண்டு. மாடு அவற்றிற்கு வீடு தருகிறது. அவை மாட்டுக்கு உணவு சமைத்துத் தருகின்றன. இவ்வேற்பாட்டில் இரண்டு இடர்கள் உள்ளன. நாயும் பூனையும் ஒவ்வாததைக் கக்கிவிடும். மாட்டுக்கு அது எளிதன்று. உட்சென்ற நஞ்சு உள்ளேயே கிடக்கும். மேலும், நஞ்சு அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால், வயிறு நிறையத் தீனி இருந்தும் மாடு பட்டினி கிடக்க நேரும்.

இயற்கை அதற்கு ஒரு காவலும் கொடுத்திருக்கிறது. அதுதான் மோப்பம். வேலியோரத்து எருக்கைப் பசித்த மாடும் எளிதில் தொடாது. பூத்துக் குலுங்கும் அரளியின் பச்சிலையையும் அதன் கசப்பால் ஒதுக்கும். ஆனால் வீட்டார் அரளியைக் கழித்துக் கிளைகளைக் கொல்லையில் எறிந்துவிட்டால், காய்ந்த இலையிற் கசப்புக் குறையும், நஞ்சு குறையாது. புல்லோடு புல்லாக அதுவும் உள்ளே போகும். வாய்க்காற் கரைகளை அடைத்து வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அவ்வாறே. வேறு பசுமை இல்லாத கோடையில் ஆடுகள் அதனைக் கடிக்கத் தொடங்கும். பழகிவிட்டால் விட மாட்டா. நாளடைவில் நரம்பு கெட்டுத் தள்ளாடும். விலங்கு தானே தேடித் தின்னும்போது தப்புவதுண்டு. மனிதன் வெட்டிக் கலந்து தொட்டியில் இட்டதை அது நம்பித் தின்கிறது.

வைக்கோலிலோ தவறான இலை ஒன்றும் கலந்திருப்பதில்லை. ஈரம் மட்டுமே போதும். ஈரத்தோடு குவிக்கப்பட்ட தாள் உள்ளே வெப்பங் கொள்ளும். அவ்வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். வெண்தூள் போலவும், கரும்பொட்டுப் போலவும், சில வேளை இளஞ்சிவப்பாகவும் அது தாளின்மேற் படரும். பூஞ்சணம் எல்லாம் நஞ்சன்று; எனினும் அவற்றுட் சில, தாம் வாழும் தாளிலேயே கொடிய நஞ்சைச் சுரந்து வைக்கின்றன. இங்கே ஒன்றை நினைவிற் கொள்க. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை வெயிலிற் பரப்பினால் அது பொருபொருவென்று காயும். பூஞ்சணம் வளர்வதும் நிற்கும். ஆனால் அது முன்பே சுரந்து வைத்த நஞ்சு வெயிலுக்கு அழிவதில்லை. “காய்ந்துவிட்டதே, இனி என்ன?” என்று அள்ளிப் போடுபவர் இதனை அறியார்.

முற்காலத்தில் தாளைக் களத்தில் அடித்து, வெயிலில் உலர்த்திய பின்னரே போரிடுவர். போர் போடுவது ஒரு கலை. அடியில் மேடு கட்டிக் கழிகளைப் பரப்புவர். உச்சியைக் கூரைபோற் சரித்து முடிப்பர். மழைநீர் உட்புகாது வழிந்தோடும். நன்றாகப் போடப்பட்ட போரைப் பிரித்தால், கார்த்திகை மழைக்குப் பின்னும் உள்ளே தாள் பொன்னிறமாயிருக்கும். இக்காலத்தில் அறுவடை இயந்திரம் தாளை வயலிலேயே உதறிவிட்டுச் செல்கிறது; மற்றோர் இயந்திரம் அதனைச் சுருட்டி உருளைக் கட்டாக்கித் தள்ளுகிறது. வேலை எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத நாளில் அதனைக் குறை கூறுவதும் முறையன்று. ஆயின் பனியிலும் தூறலிலும் நனைந்த தாளை அவ்வாறு இறுகக் கட்டினால், கட்டின் புறம் வெளுத்திருக்க அகம் கறுத்துப் போகும். அவிழ்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது.

வைக்கோலின் நஞ்சு எத்துணைப் பெருங்கேடு விளைக்கும் என்பதை உலகம் முதலில் உக்ரைன் நாட்டில் கண்டது. 1930களில் அங்கே ஆயிரக்கணக்கான குதிரைகள் காரணம் புலப்படாத நோயால் மடிந்தன. முதலில் உதடும் வாயும் வெந்தாற்போற் புண்ணாகி வீங்கும், பின்பு குடலிற் புண், இரத்தக் கசிவு, இறுதியிற் சாவு. தொற்றுநோயோ என்று தேடினர். கிருமி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது, குதிரைகள் தின்ற வைக்கோலிற் படர்ந்திருந்த ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கரும்பூஞ்சணம். அவ்வைக்கோலைச் சுமந்த தொழிலாளரின் தோலும் அரித்துத் தடித்துப் புண்ணாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. குதிரையின் வாயைச் சுட்டதே மனிதனின் தோலையும் சுட்டது. “தீனியில் தானே நஞ்சு, தொட்டால் என்ன?” என்று கருதுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

ஏறத்தாழ அதே காலத்தில் பஞ்சாபிலும் ஒரு விந்தையான நோய் காணப்பட்டது. இன்று பாக்கிஸ்தானைச் சேர்ந்த பகுதியில் டெக் நாலா என்பது ஓர் ஓடை. அதன் கரையோர ஊர்களில் இருந்த எருமைகளின் வால்நுனியும் காதோரமும் கறுத்து, உணர்விழந்து, சருகுபோல் உலர்ந்து உதிர்ந்தன. சிலவற்றின் குளம்பே கழன்று விழுந்தது. ஓடையின் பெயராலேயே அந்நோய் டெக்நாலா என்று வழங்கலாயிற்று. குளிர்மாதங்களில், நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளே அதற்கு மிகுதியாக இரையாயின. பியூசேரியம் முதலிய பூஞ்சணங்களின் நஞ்சே அதற்குக் காரணம் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கருதினர். இத்தகைய நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நெஞ்சிற்கும் வயிற்றிற்கும் போதிய இரத்தம் ஓடும். உடலின் கோடிகளான வாலுக்கும் காதுக்கும் குளம்புக்கும் ஓடாது. நீர் வரத்துக் குறைந்த ஆண்டில் முதலிற் காய்வது கடைமடை வயல் என்பதைச் சீர்காழி உழவர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

வட இந்தியாவின் நெல் விளையும் பகுதிகள் பலவற்றில் அந்நோய் பின்னரும் காணப்பட்டது. காவிரி நாட்டில் பஞ்சாபின் குளிர் இல்லை. ஆயினும் பூஞ்சணத்திற்கு வேண்டிய ஈரம் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே குறைவின்றிக் கிடைக்கிறது. குறுவை அறுவடையும் பல ஆண்டுகளில் மழையோடு மழையாகவே நடைபெறுகிறது.

வயிற்றுக்குட் சென்ற நஞ்சு தோலில் வெளிப்படும் மற்றொரு வழி இதனினும் வியப்புக்குரியது. அதில் எரிப்பது நஞ்சு மட்டும் அன்று. புல்லின் பச்சையமும் கதிரவன் ஒளியும் கூடி எரிக்கின்றன. பச்சையம் அசைவயிற்றிற் சிதையும்போது பில்லோஎரித்திரின் என்னும் பொருள் உண்டாகிறது. நலமான மாட்டின் கல்லீரல் அதனை இரத்தத்தினின்று பிரித்தெடுத்துப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். ஏதேனும் ஒரு நஞ்சாற் கல்லீரல் பழுதுற்றால், அப்பொருள் வெளியேற வழியின்றி இரத்தத்தோடு சுற்றித் தோலை அடையும். அங்கே அது வாளா கிடக்கும், வெயில் படும்வரை. வெயில் பட்டதும் தோல் தீயிற் பட்டாற்போற் சிவந்து வீங்கும், கொப்பளிக்கும், பிறகு பட்டையாய் உரியும். நிழலிற் கட்டிய மாடு தப்பும். அதனோடு ஒரே தொட்டியில் தின்று வெயிலில் நின்ற மாடு துடிக்கும்.

கருந்தோலில் ஒளி எளிதிற் புகாது. ஆகவே நிறமற்ற தோலே வேகும். கடைமடைச் சேற்றில் உழைப்பதற்கென்றே அமைந்தாற் போன்ற உம்பளச்சேரி மாட்டின் நெற்றியிற் சுட்டியும், காலிலும் வாலிலும் வெண்மையும் உண்டு. அவ்வெண்மை கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டு மாடுகளில் வெண்மயிரின் அடியிலும் பெரும்பாலும் கருந்தோலே இருக்கும். மயிரை விரலால் விலக்கிப் பார்த்தால் இது விளங்கும். மேனாட்டுக் கலப்பினப் பசுவின் வெள்ளைத் திட்டுகளிலோ தோலும் இளஞ்சிவப்பு. அத்தகைய பசுவிற்கு இந்நோய் காணும்போது, கறுப்புத் திட்டு பழுதின்றி இருக்க, வெள்ளைத் திட்டு மட்டும் அதன் எல்லைவரை உரிந்து நிற்கும். கோடு கிழித்தாற் போன்ற அவ்வெல்லையைக் கண்ட மருத்துவர், “தோல் நோய்” என்று மேற்பூச்சோடு நில்லாமல், கல்லீரலைப் பற்றியும் தீனியைப் பற்றியும் வினவுவார்.

கல்லீரலைப் பழுதாக்கும் பொருள்கள் பல. அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்டு இந்தியக் காடுகளை இன்று அடைத்து நிற்கும் உண்ணிச்செடி அவற்றுள் ஒன்று. நம் காலடியில் தைக்கும் நெருஞ்சி மற்றொன்று. இங்கே மருந்துச் செடி என்று பெயர் பெற்ற அதே நெருஞ்சியைத் தென்னாப்பிரிக்கச் செம்மறிகள் சிற்சில பருவங்களில் மிகுதியாக மேய்ந்து, முகம் மஞ்சளித்துத் தடித்து மாள்கின்றன. நியூசிலாந்தில், புல்லின் அடியிற் கிடக்கும் சருகில் வளரும் ஒரு பூஞ்சணத்தின் நஞ்சே இக்கொடுமையைச் செய்கிறது. வெதுவெதுப்பான ஈரக் காலம் வந்தால், அந்நாட்டு உழவர் புல்லில் உள்ள பூஞ்சண வித்துக்களை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணிக்கை ஏறினால் மந்தையை இடம் மாற்றுகின்றனர். கல்லீரலைக் காக்கத் துத்தநாக உப்பைக் கொடுக்கின்றனர். மாடு நோயுறும்வரை காத்திராமல் புல்லையே நோயாளியாகக் கொண்டு ஆராய்வது போற்றத்தக்க வழக்கம்.

கடலைப் பிண்ணாக்கைப் பற்றியும் ஒரு சொல். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஏறத்தாழ ஓரிலட்சம் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சண நஞ்சு கலந்திருந்ததே காரணம். அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கறவைப்பசு அதனைத் தின்றால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலிலும் வந்து சேரும். தொழுவத்துத் தீனி கெட்டால் அடுக்களைப் பாலும் கெடும் என்பது இதனால் விளங்கும்.

இனி, அன்பே நஞ்சாகும் ஒரு நாளும் உண்டு. மாட்டுப் பொங்கலன்று உழவர் வீட்டிற் பொங்கிய சோறு மாட்டின் முன் வாரி வைக்கப்படுகிறது. தாத்தா ஒரு வாளி, பேரன் ஒரு வாளி, அடுத்த வீட்டார் ஒரு வாளி. ஆண்டு முழுதும் வைக்கோல் தின்று பழகிய வயிற்றில் ஒரே பொழுதிற் சோறும் வெல்லமும் குவிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்களின் குடியமைதி குலையும். சோற்றைப் புளிக்கவைக்கும் இனம் மட்டும் பெருகி அமிலத்தைக் கக்கும், மற்றவை மடியும். வயிறு உப்பும், கழிச்சல் காணும், உடலின் நீர் வற்றி மாடு படுத்துவிடும். சில வேளைகளில் உயிரும் போகும். ஒரு கைப்பிடிச் சோற்றை வாழையிலையில் வைத்து ஊட்டினாலும் விழா விழாவே அன்றோ?

பயிர்க்காப்பு மருந்தின் கதை வேறு. சீர்காழியையும் தன்னகத்தே கொண்டிருந்த அந்நாளைய தஞ்சை மாவட்டம், 1960இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு இந்தியாவில் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. புதிய விதையும் உரமும் பூச்சிமருந்தும் அதன் வழியே வயலுக்கு வந்தன, விளைச்சல் பெருகியது. அதே வயலின் வரப்புப் புல்லைத்தான் மாடும் மேய்கிறது. பயிரில் தெளித்த மருந்து வரப்பிலும் படியும். தெளிப்பானைக் கழுவிய நீர் வாய்க்காலிற் கலக்கும். பாசுபரசு வகைப் பூச்சிமருந்து உட்சென்ற மாட்டுக்கு எச்சில் பெருகும், கழிச்சல் காணும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். உடனே மருத்துவர் வந்தால் இதற்கு மாற்று மருந்து உண்டு. உண்ணிக்கென்று அளவின்றி முதுகில் தேய்க்கும் மருந்தோ தோல் வழியே உட்புகும். மாடு தன்னை நக்கும்போது வாய் வழியேயும் புகும். யூரியாவும் இவ்வாறே இரு முகம் உடையது. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் அவ்வைக்கோல் சத்துள்ள தீனியாகிறது. வயலோரத்தில் வைத்த யூரியாக் கரைசலைத் தாகத்தோடு வரும் மாடு குடித்துவிட்டால், அசைவயிற்றின் நுண்ணுயிர்கள் அதனை நொடியில் அம்மோனியாவாக்கும். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மீண்டும் நம் தொழுவத்திற்கு வருவோம். இத்தகைய வேளையில் கால்நடை மருத்துவர் வந்தால், உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும். வந்தவர் ஒரு பெண்மணி. வீட்டுக்கு உடையவர் முதியவர்.

“பெரியவரே, மாடு எப்போதிருந்து தீனி எடுக்கவில்லை?”

“நேற்று மாலையிலிருந்து அம்மா. எவனோ ஆகாதவன் எதையோ வைத்துவிட்டான்.”

“இருக்கட்டும் ஐயா, அதைப் பிறகு பார்ப்போம். நேற்று என்ன போட்டீர்கள்?”

“வழக்கமாகப் போடுகிற வைக்கோல்தான்.”

“பழைய கட்டா, புதுக் கட்டா?”

முதியவர் சற்றே எண்ணிப் பார்க்கிறார். “முந்தாநாள் புதுக்கட்டு பிரித்தோம். மழையில் ஓரமாய் நனைந்திருந்தது. காய்ந்துவிட்டதே என்று போட்டோம்.”

“மற்ற மாட்டுக்கும் அதுவேயா?”

“கன்றுக்குப் புல் அறுத்து வந்தோம் அம்மா. கன்று துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.”

மருத்துவர் பசுவின் மூக்குநுனியைத் தொட்டுப் பார்க்கிறார், அது காய்ந்திருக்கிறது. உதட்டை விரித்து ஈற்றைப் பார்க்கிறார். காதின் விளிம்பையும் வால்நுனியையும் விரலால் நெருடி, வெப்பம் உண்டா, உணர்வு உண்டா என்று அறிகிறார். சாணத்தைக் குச்சியாற் கிளறிப் பார்க்கிறார். பின் இடப்பக்க விலாவிற்கும் இடுப்பெலும்பிற்கும் இடையே உள்ள குழிவில் முட்டியை அழுத்தி வைத்துக் கைக்கடிகாரத்தை நோக்குகிறார். நலமான மாட்டில் இரண்டு நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை அசைவயிறு புரண்டு முட்டியைத் தள்ளும். இங்கே ஓரசைவும் இல்லை.

வீட்டார் நல்லெண்ணெயும் மிளகுச் சாறும் மூங்கிற் குழாயில் எடுத்துக்கொண்டு நிற்கின்றனர். மருத்துவர் அதனைத் தடுக்கிறார். தளர்ந்து படுத்த மாட்டின் தலையை நிமிர்த்திப் புகட்டினால் அது வயிற்றுக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்லலாம். நஞ்சினாற் சாகாத மாடு மருந்தினாற் சாகும். ஊசி மருந்தைச் செலுத்தி, உப்பு நீரை நாளத்தில் ஏற்றிய பின், அவர் கேட்பது அந்தக் கட்டைத்தான். பிரித்த கட்டில் ஒரு பிடி தாளைத் தாளுறையில் இட்டு, நாளும் இடமும் எழுதி எடுத்துக்கொள்கிறார். பசுவை நிழலில் கட்டவும், இரவில் நோய் மிகுந்தால் 1962 என்னும் எண்ணில் அழைக்கவும் சொல்லிச் செல்கிறார்.

அவர் சென்ற பின், முதியவரும் பேரனும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கொட்டகையிலுள்ள மற்றக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றனர். சில கட்டுகள் உள்ளும் புறமும் ஒரே நிறமாய், புது வைக்கோலின் மணத்தோடு இருக்கின்றன. இரண்டு கட்டுகளின் நடுவே கருமை. கை வைத்தால் வெப்பம். உதறினால் புகைபோல் எழும் தூசு. அவை எருக்குழிக்குப் போகின்றன. மண்ணும் சாணமும் மூடி மக்கவைத்தால் அடுத்த சம்பாவுக்கு உரமாகும். நல்ல தாள் தரையிற் படாமல் கழிகளின்மேல் அடுக்கப்படுகிறது. பேரன் ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து பார்த்தே அடுக்குகிறான். தாத்தா இரு முறை சிரிக்கிறார். மூன்றாம் முறை தாமும் முகர்ந்து பார்க்கிறார்.

மறுநாட் காலையில் பசுவின் முன் அறுகம்புல் ஒரு பிடி வைக்கப்படுகிறது. அது முகர்ந்து பார்த்து விட்டுவிடுகிறது. பேரன் மருத்துவர் செய்தவாறே இடப்பக்கக் குழிவில் முட்டியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ஆழத்திலிருந்து மெல்ல எழும் அலைபோல, ஒன்று அவன் கையைத் தள்ளுகிறது.